ஒன்பது சத்தியமும் ஒரு பாம்பும்

நபோர் எகீவா துலாரி ஊரில்தான் வளர்ந்தான் என்பதற்கு அந்த ஊர் நாய்களெல்லாம் சாட்சி சொல்லும். என்ன செய்ய, நாய்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அரசாங்கமோ கையெழுத்து கேட்டது.

ஒன்பது வயதில் எல்லைக்கு அந்தப்புறம் மிச்சோவகான் மலையிலிருந்து அம்மா ஒஃபேலியாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அனுமதிச் சீட்டு இல்லாமல் கலிபோர்னியாவுக்குள் வந்தவன் அவன். இப்போது இருபத்தைந்து. பதினாறு வருடமாக அம்மாவும் பிள்ளையும் இந்த நாட்டில் இல்லாதது போலவே இருந்து பழகிவிட்டார்கள். வீட்டு வாடகைச் சீட்டு வீட்டுக்காரரின் மச்சினன் பெயரில். மின்சாரம் அத்தை பெயரில். டெலிபோன் யார் பெயரில் என்று அம்மாவுக்கே மறந்துவிட்டது. தங்கள் பெயர் அச்சடித்த எந்தக் காகிதம் வீட்டுக்குள் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கறி சுடும் அடுப்பில் போட்டுவிடுவாள். ரிப்போர்ட் கார்டு புகையில் வெந்த கறியைத் தின்று வளர்ந்தவன் துலாரியிலேயே தான் ஒருவன்தான் என்று நபோர் சொல்லிக்கொள்வான். பள்ளி இறுதிச் சான்றிதழ் ஒன்றுதான் தப்பியது. அதை அம்மா கண்ணாடி போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். மாதாவுக்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்து எரிக்க அவளுக்கும் தைரியமில்லை.

இப்படி இருக்கையில்தான் 2012ஆம் வருடக் கோடையில் அந்த அறிவிப்பு வந்தது. பதினாறு வயதுக்கு முன்னால் வந்தவர்கள், படித்தவர்கள், கடைசி ஐந்து வருடம் நாட்டைவிட்டு நகராதவர்கள் விண்ணப்பிக்கலாம். ஏற்றுக்கொண்டால் இரண்டு வருடத்துக்குப் பிடித்து அனுப்ப மாட்டார்கள். வேலை செய்ய ஓர் அட்டை தருவார்கள். அட்டை இருந்தால் கார் ஓட்ட உரிமமும் கிடைக்கும். நபோருக்கு அந்த உரிமத்தின் மேல்தான் கண். அவன் கட்டிக்கொள்ளப்போகும் யெசேனியா இந்த மண்ணிலேயே பிறந்தவள். எங்கே போனாலும் அவள் ஓட்டுவாள், இவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பான். போலீஸ் வண்டி எதிரே வந்தால் செருப்பைத் தேடுகிறவன் போல் குனிவான். மூன்று வருடமாகத் தேடுகிறான், செருப்பு என்னவோ காலிலேயே இருந்தது.

இத்தனை காலம் இல்லாமல் இருந்தவன் இப்போது இருந்தேன் என்று நிரூபிக்க வேண்டும். நபோர் கிளம்பினான். ஊசி போட்ட ஆஸ்பத்திரிக்குப் போனான், பல் பிடுங்கிய இடத்துக்குப் போனான். நூலகத்தில், கிட்டார் கற்றுக்கொள்ளும் புத்தகத்தைத் திருப்பித் தராததற்கு அவனுக்கு அனுப்பிய ஏழு நினைவூட்டல்களையும் மறுபடி அச்சடித்துக் கொடுத்தார்கள், கூடவே எட்டாவதையும். சைக்கிளில் விளக்கில்லாமல் போனதற்குப் பிடித்த சீட்டு கிடைத்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த ரசீதும், அங்கே அவன் மொத்தம் ஒருநாள்தான் வந்தான் என்று கணினி சொன்ன தகவலும் கிடைத்தன. பால்மாட்டுக் கண்காட்சியின்போது ஊர்ப் பத்திரிகையில் வந்த படம்கூட அகப்பட்டது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது, பின்னால் ஓடுகிறவன் நபோர். படத்துக்குக் கீழே மாட்டின் பெயர் இருந்தது, அவன் பெயரைக் காணோம்.

அத்தனையையும் ஒரு பூட்ஸ் பெட்டிக்குள் அடுக்கிப் பார்த்தபோது அவனுக்கே சிரிப்பு வந்தது. மனிதர்கள் வாழ்க்கை வரலாற்றில் வெற்றிகளை வைப்பார்கள். இவன் பெட்டியில் இருந்ததெல்லாம் இவனிடம் யாரோ சலித்துக்கொண்ட காகிதங்கள். ஆனாலும் தேதி இருந்தது, பெயர் இருந்தது. ஒரே ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. 2009 ஏப்ரலிலிருந்து 2010 ஜனவரி வரை பத்து மாதத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அந்தப் பத்து மாதத்தின் கதை துலாரி முழுக்கத் தெரிந்த கதை. நபோர் ஊருக்குப் போய்விட்டான், மிச்சோவகானில் சாகக்கிடந்த தாத்தாவைப் பார்த்துக்கொண்டான், பிறகு பாலைவனத்தை நடந்தே கடந்து வந்தான். வழிகாட்டி நடுவழியில் விட்டுவிட்டு ஓடிப்போனான். மூன்று நாள் தண்ணீரில்லை. மூன்றாம் நாள் ராத்திரி, வாலில் கிலுகிலுப்பை உள்ள பாம்பு ஒன்று மார்மேல் ஏறி உட்கார்ந்தது. அதன் கண்ணையே பார்த்துக்கொண்டு விடியும்வரை அசையாமல் கிடந்தான். பாம்புக்கே வெட்கமாகி இறங்கிப் போய்விட்டது.

முதல் தடவை சொன்னபோது பாம்பு ஒரு முழம் இருந்தது. இரண்டு வருடத்தில் நன்றாகச் சாப்பிட்டு எட்டடி ஆகியிருந்தது. அந்தக் கதையைக் கேட்டுத்தான் யெசேனியா அவனை மறுபடி வீட்டுக்குள் விட்டாள். நிச்சயதார்த்தத்துக்கு அவள் வாங்கித் தந்த பூட்ஸும் அந்தப் பாம்பின் சாதிசனத்துத் தோல்தான். காகிதங்களை அடுக்கியிருந்தது அந்தப் பூட்ஸ் வந்த பெட்டியில்தான்.

ஒரு சனிக்கிழமை காலையில் மாதா கோயில் மண்டபத்தில் வரிசை வரிசையாக மேசை போட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நபோருக்கு வாய்த்தது கிரசியேலா. பள்ளியில் அவனுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவள், இப்போது இலவச சட்ட உதவி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். யெசேனியாவும் கூட வந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிரசியேலா ஒவ்வொரு காகிதமாக எடுத்துத் தேதிப்படி அடுக்கினாள். மாட்டுப் படத்தைப் பார்த்துக் கொஞ்சநேரம் வேலையை நிறுத்திச் சிரித்தாள். கடைசியாக ஒரு கடிதம் வந்தது. படிக்கப் படிக்க அவள் சிரிப்பு வற்றியது.

"இது யாரு எழுதினது?"

"எங்க முதலாளி தோன் மக்காரியோ. நோட்டரி முத்திரைகூடப் போட்டு வாங்கியிருக்காரு" என்றான் நபோர் பெருமையாக.

தோன் மக்காரியோ டயர் கடை வைத்திருப்பவர். டயர் கழற்றும் நேரம் முழுக்க வாடிக்கையாளருக்கு ஏதாவது கதை சொல்லாவிட்டால் அவருக்குக் கை ஓடாது. நபோரின் நல்லொழுக்கத்துக்குச் சான்று எழுதித் தாருங்கள் என்று கேட்டதும், மனிதர் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டார். அதில் ஒன்றேகால் பக்கம் பாலைவனம்.

"அருமையா எழுதியிருக்காரு" என்றாள் கிரசியேலா. "இத உள்ள வெச்சா உன் விண்ணப்பம் அன்னிக்கே குப்பைக்குப் போயிரும். பத்து மாசம் நாட்டுல இல்லன்னா அதோட முடிஞ்சுது நபோர். கடிதத்த எடுத்துடலாம்னாலும், எனக்குத் தெரிஞ்சப்புறம் இங்கதான் இருந்தான்னு நான் பொய் எழுத முடியாது. சொல்லு, இது நெஜமா?"

நபோர் வாயைத் திறப்பதற்குள் யெசேனியா முந்திக்கொண்டாள். "நெஜம்தாங்க. பாம்புகூட நெஜம்."

அந்த ஒரு நொடியில் நபோர் ஆண்பிள்ளையாக நடந்துகொண்டிருக்கலாம். ஆனால் அவன் தலை தானாகவே ஆடியது, ஆமாம் என்று. கிரசியேலா பெட்டியை மூடி அவன் பக்கம் தள்ளினாள். யெசேனியாவின் கண் கலங்கிவிட்டது. முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனாள்.

அவள் கதவைத் தாண்டும்வரை காத்திருந்து, நபோர் மேசைமேல் கவிழ்ந்தான்.

"கிரசியேலா, நான் போகவே இல்ல."

"எங்க போகல?"

"எங்கயும் போகல. பாலைவனத்த நான் டிவியிலதான் பாத்திருக்கேன். ஆக்ஸ்நார்ட்ல எங்க அத்த மகன் லாலோ வீட்டு கராஜ்ல படுத்துக் கெடந்தேன்."

"பத்து மாசமா?"

"பத்து மாசமா."

கிரசியேலா பேனாவைக் கீழே வைத்தாள். "இந்த மேசைக்கு வர்றவங்கள்ல ஊருக்குப் போயிட்டு வந்தத மறைக்கிறவங்களப் பாத்திருக்கேன். போகாதவன் போனேன்னு பொய் சொன்னத இன்னிக்குத்தான் பாக்குறேன். எதுக்குடா?"

எதுக்கு என்பதற்கு ஒரு கேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். யெசேனியாவின் தங்கைக்குப் பதினைந்தாம் பிறந்தநாள் விழா, இருநூறு பேர் வந்திருந்த கொண்டாட்டம். நபோர் பீர் குடித்துவிட்டு நடனமாடி, சுழன்று, ஐந்தடுக்கு கேக்கின் நான்காம் அடுக்கில் முகம் புதைத்தான். அப்போது வேலையும் போயிருந்தது. யெசேனியா இனிமேல் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டாள், அவள் அப்படிச் சொன்னபோது அந்த முகமும் கிரீமுக்கடியில் இருந்தது. மறுநாள் பஸ் ஏறி கடலோர ஆக்ஸ்நார்டுக்கு, லாலோவிடம் போனவன், ஸ்ட்ராபெரி பறித்துக்கொண்டு கராஜில் கிடந்தான். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஞாயிறுதோறும் பேசுவான். பிள்ளை எங்கே என்று அக்கம்பக்கத்தார் கேட்டபோது, கராஜில் குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஊருக்குப் போயிருக்கிறான், தாத்தாவுக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டாள். ஆகவே பொய்யின் முதல் பாகம் அம்மா எழுதியது. நபோர் திரும்பி வந்ததும் பாம்பை மட்டும் சேர்த்தான்.

"சரி, ஆக்ஸ்நார்ட்ல இருந்ததுக்கு என்ன அத்தாட்சி இருக்கு? சம்பளச் சீட்டு?"

கையில்தான் கொடுத்தார்கள், கையிலேயே செலவாகிவிட்டது என்றான். வைத்தியரிடம் போனதும் இல்லை. பேங்க் என்றதும் இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். லாலோ ஒரு கடிதம் தருவான்தான், ஆனால் தனிக் கடிதத்தை நம்ப மாட்டார்கள் என்றாள் கிரசியேலா.

"கோயிலுக்காவது போனியா?"

நபோர் சிரிப்பை நிறுத்தினான். போயிருந்தான். எத்தனை தடவை என்று நினைத்தபோது காது சூடானது.

எங்கள் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. குடி கையை மீறினால் கோயிலுக்குப் போய், குவாதலூப்பே மாதா முன்னால் முழங்காலிட்டு, இத்தனை காலம் தொட மாட்டேன் என்று சாமியார் சாட்சியாகச் சத்தியம் செய்வார்கள். சாமியார் ஒரு சின்ன அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் தருவார். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். கல்யாண வீட்டில் எந்த மச்சான் கோப்பையை நீட்டினாலும் அட்டையைக் காட்டினால் கையை இழுத்துக்கொள்வான். மாதாவிடம் சொன்ன சொல்லோடு யாரும் வம்பு வைத்துக்கொள்வதில்லை. அட்டையை நபோர் வைத்திருக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாலும் அம்மா அடுப்பில் போட்டிருப்பாள். ஆனால் ஆக்ஸ்நார்ட் கோயில் அலுவலகத்தில் அம்பாரோ என்ற அம்மாள் எல்லாச் சத்தியங்களையும் குறித்துவைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள்.

அடுத்த விண்ணப்ப முகாம் மூன்று வாரம் கழித்து. அதற்குள் அந்த நோட்டைப் பிடிக்க வேண்டும். ஆக்ஸ்நார்டுக்கோ மூன்று மணி நேரத்துக்கு மேல் காரில் போக வேண்டும். ஓட்டத் தெரிந்தவள் யெசேனியா.

லாலோவைப் பார்க்க வேண்டும், அவனிடம் ஏதோ ஒரு காகிதம் இருக்கிறதாம் என்று மட்டும் சொன்னான். யெசேனியா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கார் சாவியை எடுத்தாள். மலைப்பாதை இறங்கும்போது இரண்டு தடவை செருப்பைத் தேடினான். இரண்டாம் தடவை, "நெடுஞ்சாலை போலீஸ் இல்ல, அது பால் வண்டி" என்றாள் அவள்.

கோயில் வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, நீ இங்கேயே நிழலில் இரு, ஒரே நிமிஷம் என்று இறங்கி ஓடினான். அலுவலகத்தில் அம்பாரோ அதே நாற்காலியில், அதே மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க மாச வாடிக்கை" என்றாள். "மூணு வருஷமா ஆளக் காணோமேன்னு நெனச்சேன். ஒண்ணு நீங்க குடிய விட்டிருக்கணும், இல்ல மாதாவ விட்டிருக்கணும்."

நபோர் விஷயத்தைச் சொன்னான். நோட்டில் ஒரு பக்கம், ஒரே ஒரு தேதி கிடைத்தால்கூடப் போதும் என்றான். அம்பாரோ அலமாரியிலிருந்து நீல அட்டை நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் புரட்டி, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆகவே குரல் தெருவரை போகும்.

"ஏப்ரல் பத்தொம்பது. நபோர் எகீவா. எவ்வளவு காலத்துக்குங்கற கட்டத்துல, ஆயுள் முழுக்க."

"அதே ஒண்ணு போதும்" என்றான் நபோர் அவசரமாக.

"இருங்க. மே பதினாறு. நபோர் எகீவா. அஞ்சு வருஷம். ஜூன் இருபத்தொண்ணு. ரெண்டு வருஷம். ஜூலை, ஒரு வருஷம். ஆகஸ்ட், ஆறு மாசம்." மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "செப்டம்பர், மூணு மாசம். அக்டோபர், ஒரு மாசம். நவம்பர் பதினஞ்சு நாள். அதுல பன்னெண்டு நாள் தாக்குப்பிடிச்சீங்க, ஓரத்துல சாமியார் குறிச்சிருக்காரு. சந்தோஷப்பட்டாரு பாவம்."

பின்னால் ஏதோ உராயும் சத்தம் கேட்டு நபோர் திரும்பினான். கழிவறை எங்கே என்று கேட்க உள்ளே வந்த யெசேனியா, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எந்த மாதத்திலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் ஏப்ரலிலிருந்தே நின்றது போலிருந்தது.

"2009ஆ?" என்றாள்.

"2009தான் மகளே" என்றாள் அம்பாரோ, யாரென்று தெரியாமலே.

"அப்ப அந்தப் பாம்பு?"

நபோர் தரையைப் பார்த்தான். பாலைவனத்தில் மூன்று நாள் நடப்பதே இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது. "கராஜ்ல தோட்டத்துக்குத் தண்ணி விடற ரப்பர் குழாய் ஒண்ணு இருந்துச்சு. ராத்திரி அது மேல உருண்டு படுத்துட்டேன். அசையாம கெடந்தது மட்டும் நெஜம்."

"அந்தக் குழாய்க்காகவா எங்கம்மா ரெண்டு வருஷமா மெழுகுவத்தி ஏத்துறாங்க?"

அம்பாரோவுக்கோ படிக்க எடுத்ததைப் படித்து முடிக்காமல் பழக்கமில்லை. "ஜனவரி மூணு, கடைசி ஒண்ணு இருக்கு. எவ்வளவு காலத்துக்குங்கற எடத்துல என்னமோ கிறுக்கியிருக்கு, எனக்குப் புரியல. நீங்களே பாருங்க." நோட்டைத் திருப்பி வைத்தாள்.

யெசேனியா வந்து குனிந்து பார்த்தாள். நபோரின் கோழிக் கிறுக்கல் எழுத்தில், யெசேனியாவைப் பார்க்கும்வரை, என்று இருந்தது.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். இரண்டு வார்த்தைதான், அவ்வளவு நேரம் படிக்க அதில் ஒன்றுமில்லை.

"என்னப் பாத்தப்புறம்?"

"உன்னப் பாத்த அன்னிக்கே கெடு முடிஞ்சுபோச்சு" என்றான் நபோர். "அதுக்கப்புறம் எந்தச் சத்தியமும் பண்ணல. பண்ணினாத்தான ஒடைக்கத் தோணுது."

யெசேனியா சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து கார் சாவியை எடுத்தாள், மறுபடி உள்ளே போட்டாள். பிறகு அம்பாரோவிடம் எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்துத் தர முடியுமா, கோயில் தாளில் சாமியார் கையெழுத்தோடு ஒரு கடிதமும் வேண்டும் என்று கேட்டாள். நவம்பர் ஓரத்துக் குறிப்பும் நகலில் விழ வேண்டும் என்று சொன்னாள். திரும்பும் வழியில் பக்கத்து ஊரான வென்ச்சுராவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் பேசினாள், துலாரி வரும்வரை நிறுத்தவில்லை. அதையெல்லாம் இங்கே எழுதினால் நபோர் வருத்தப்படுவான். அந்தப் பூட்ஸை மட்டும் கல்யாணத்துக்குப் போடக் கூடாது என்று தீர்ப்பாயிற்று.

மூன்றாம் வாரம் கிரசியேலா ஒன்பது நகலையும் மேசையில் பரப்பினாள். ஒன்பது தேதி, ஒன்பது கையெழுத்து, லாலோ வீட்டு முகவரியோடு, டிசம்பர் தவிர மாதத்துக்கு ஒன்று. பத்து மாத ஓட்டை தைத்தது போல மூடியிருந்தது.

"யோக்கியனா இருந்து மொத சத்தியத்தக் காப்பாத்தியிருந்தா உனக்கு ஒரு தேதிதான் கெடச்சிருக்கும்" என்றாள். "மீதி ஒம்பது மாசத்துக்கு என்ன பண்ணியிருப்ப?"

"நான் அப்பவே எதிர்காலத்த யோசிச்சுத்தான் குடிச்சேன்" என்றான் நபோர். பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள். இடி பலமாகத்தான் இருந்தது, ஆனால் இடித்துவிட்டு முழங்கையை அங்கேயே வைத்திருந்தாள்.

ஒரு வேலை பாக்கி. தோன் மக்காரியோ புதுக் கடிதம் எழுதித் தர வேண்டும். நபோர் டயர் கடையில் அவர் எதிரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று, உண்மையைச் சொன்னான். அவர் கோபப்படவில்லை. ஆனால் வீட்டில் யாரோ தவறிவிட்டது போல உட்கார்ந்துவிட்டார். பிறகு நல்ல உழைப்பாளி, நேரத்துக்கு வருவான் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லயேடா" என்றார். "பழசுல எவ்வளவு இருந்துச்சு."

ஆனால் அந்தப் பாம்பை அவரால் விட முடியவில்லை. இப்போதும் யாராவது டயர் மாற்ற வந்தால் சொல்கிறார். வாலிபத்தில் தான் பாலைவனத்தைக் கடந்தபோது மார்மேல் ஏறியதாம், பத்தடி. நபோர் பக்கத்தில் நின்று போல்ட்டை முறுக்கிக்கொண்டே, ஆமாம் தோன் மக்காரியோ, என்று தலையாட்டுகிறான். அவனுக்கு அது கடமை.

மார்ச் மாதம் அட்டை வந்தது. படத்தில் நபோர் கண்ணை மூடித் திறப்பதற்கு நடுவில் இருந்தான், பெயர் மட்டும் தெளிவாக இருந்தது. அம்மா ஒஃபேலியா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். விளிம்பைத் தடவினாள். எரிகிறதா என்று பார்க்கிறாளோ என்று அவனுக்கு ஒரு கணம் பயம். அவள் அதைக் கொண்டுபோய் மாதா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். "சட்டைப்பைல வெச்சுக்கணும்மா, போலீஸ் கேட்டா காட்டணும்" என்று சொல்லித் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நபோர் உரிமம் எடுக்கப் பழகுகிறேன் என்று யெசேனியாவை உட்கார வைத்துத் தெருமுனைவரை ஓட்டிவிட்டு வந்தான். வழியில் போலீஸ் வண்டி வந்தது. பழக்க தோஷம், குனிந்தான். ஓட்டுகிறவன் குனிந்தால் என்ன ஆகும், கார் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியை முத்தமிட்டது.

தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தபோது, கறி அடுப்பு கரி போட்டுப் பற்றவைத்து எரிந்துகொண்டிருந்தது. அதில் காகிதம் இல்லை. அம்மா சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். காலியாகிக் கிடந்த பூட்ஸ் பெட்டி முன்னால் திறந்திருந்தது. அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. அந்த அறிவிப்பில் அவளைப் போன்றவர்களுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"என்னம்மா பண்ற?"

"என்னிக்காவது என்னையும் கேட்டா?" என்றாள் ஒஃபேலியா. அன்று தபாலில் அவள் பெயருக்கு வந்திருந்தது ஒன்றே ஒன்று, வறுத்த கோழிக் கடையின் தள்ளுபடிச் சீட்டு. அதை மடிக்காமல், தேதி தெரியும்படி, பெட்டியின் அடியில் வைத்தாள்.